வேலை தேடுபவளுக்கு ஒரு கணக்குக் கொப்பி



"பத்து இடத்துக்கு எழுதிப் போட்டாச்சு, ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. இனி எழுதி என்ன பிரயோசனம்?"

வேலை தேடும் நம் பெண்பிள்ளைகளின் வாயில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறோம். அடுத்த வாரமே பயோடேட்டா அலமாரிக்குள் போய்விடும். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உத்தியோகம்?" என்று கேட்கும் மாமாமாருக்கும் அது வசதியாகிவிடும்!

இந்தப் பிள்ளைகள் வைத்திருப்பது ஒரே ஒரு கணக்கு. வேலை கிடைத்தால் முழுப் புள்ளி, கிடைக்காவிட்டால் பூச்சியம். ஆறு மாதம் உழைத்தாலும் ஏட்டில் பூச்சியம்தான் நிற்கிறது. ஒவ்வொரு நாளும் பூச்சியத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் மனம் தளராது? யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் பெரிய அநியாயம் செய்கிறது. ஏனென்றால் அவர்களுடைய கணக்கு பூச்சியத்திலிருந்துகூடத் தொடங்கவில்லை, அதற்கும் கீழேயிருந்து தொடங்கியது.

1990 ஒக்டோபர் 30 நமக்குத் தெரிந்த நாள். ஒலிபெருக்கியில் அறிவித்து, ஜின்னா மைதானத்தில் கூடச் சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகுமாறு விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000-க்கும் அதிகம். நகையும் பணமும் பறிபோன கதையை எல்லோரும் சொல்வார்கள். கடதாசிகள் போன கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. பிறப்புச் சான்றிதழ், சாதாரணதரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், தட்டெழுத்துப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் சோனகத் தெரு வீடுகளின் அலமாரிகளிலேயே தங்கிவிட்டன. புத்தளத்து முகாமில் ஓலைக் குடிசைக்குள் இருந்துகொண்டு, "நான் எட்டுப் பாடம் சித்தி" என்று சொன்ன பெண்ணிடம், "அத்தாட்சி எங்கே?" என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்?

2002 போர்நிறுத்தத்தின் பின்னர் சில குடும்பங்களும், 2009-ல் யுத்தம் முடிந்தபின் இன்னும் சில குடும்பங்களும் ஊர் திரும்பின. அன்று பாடசாலை மாணவிகளாயிருந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பிறந்தது புத்தளத்தில், படித்தது அங்கே பாதி, இங்கே பாதி. வேலை தேடும் தாயும் மகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இருவருடைய சுயவிபரக் கோவையிலும் ஓட்டைகள்.

இவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வேலையை எண்ணாதீர்கள், கோவையை எண்ணுங்கள். அறுபது பக்கக் கொப்பி ஒன்று போதும்.

இது வெறும் ஆறுதல் பேச்சல்ல. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர், "என்னால் முடியும்" என்ற எண்ணம் மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்று 1977-ல் விரிவாக எழுதினார். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைகளைவிட, தானே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம்தான் வலுவான ஊற்று என்பது அவர் முடிவு. பக்கத்து வீட்டு மாமி "நீ கெட்டிக்காரி" என்று நூறு தரம் சொல்வதைவிட, தொலைந்த சான்றிதழ் ஒன்றை நீங்களே அலைந்து எடுத்துவருவது கூடுதலாக வேலை செய்யும். வேலை தேடுவோருக்கான பயிற்சிகளைப் பற்றிய 47 ஆய்வுகளை மூன்று ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு விகிதம், பெறாதவர்களைவிட 2.67 மடங்கு. ஆனால் விண்ணப்பம் எழுதும் திறமையை மட்டும் கற்பித்த பயிற்சிகளும், உற்சாகத்தை மட்டும் ஊட்டிய பயிற்சிகளும் அவ்வளவாகப் பலிக்கவில்லை. இரண்டும் சேர்ந்திருந்தபோதே பலித்தது. கொப்பி இரண்டுக்கும் உதவும்.

முதல் பக்கத்தில் உங்கள் கோவையில் உள்ள ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள். எதிரே, அந்த வரிக்குக் கடதாசி இருக்கிறதா, இல்லையா என்று குறியுங்கள். இருபது வரியில் ஏழுக்குத்தான் அத்தாட்சி இருக்கிறது என்றால் இன்றைய உங்கள் எண் ஏழு. அடுத்த மாதம் அது எட்டானால் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். யார் உங்களை வேலைக்கு எடுத்தாலும், எடுக்காவிட்டாலும் இந்த எட்டு குறையாது.

பிறப்புப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். பதிவேடே கிடைக்கவில்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வழி உண்டு. சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகள் பத்தரமுல்லை, பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தின் பதிவுகளில் இருக்கின்றன. சுட்டெண்ணும் ஆண்டும் தெரிந்தால் வேலை இலகு. சுட்டெண் மறந்துபோனவர்கள் கூடப் படித்த தோழியைத் தேடிப் பிடியுங்கள். பரீட்சை மண்டபத்தில் முன்னுக்குப் பின்னாக இருந்தவளின் எண் உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்!

நம்மவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. அதுதான் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாக 'பாத்துமா', பாடசாலையில் 'பாத்திமா', அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து வேறு. வாப்பாவின் 'முஹம்மது'வை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். முகாமில் அவசரமாகப் பதிந்த உத்தியோகத்தர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். கலியாணத்துக்குப் பிறகு சிலர் கணவர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நேர்முகத்தில் இருப்பவர் மூன்று கடதாசியில் மூன்று பெயரைக் கண்டால், இது ஒரே ஆள்தானா என்று யோசிப்பது இயல்பு. எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துக் கோவையோடு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் கொப்பியில் ஒரு புள்ளி உண்டு.

இரண்டாம் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. சம்பளம் வாங்காமலும், சீட்டு வாங்காமலும் செய்த வேலைகளை அங்கே எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு சகோதரியை வைத்துக்கொள்வோம். பதினைந்து வருடமாகத் தைக்கிறாள். பெருநாள் காலத்தில் இரவு பகலாக மெஷின் ஓடும். கோவையில் "தொழில் அனுபவம்: இல்லை" என்று எழுதுகிறாள்! இதைவிடப் பொய் உண்டா? அவள் எழுத வேண்டியது வேறு: எந்த ஆண்டிலிருந்து தைக்கிறாள், மாதம் சராசரி எத்தனை உடுப்பு, எத்தனை பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறாள், துணிக் கணக்கை யார் வைத்தது. எண் இல்லாத வரி வாசிப்பவர் மனதில் நிற்காது. "தையல் தெரியும்" என்பதைவிட "மாதம் 25 உடுப்பு" என்பது பேசும். மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர், முகாமில் பங்கீட்டுப் பட்டியல் எழுதியவர், மாதர் சங்கத்தின் சீட்டுக் காசைச் சதம் பிசகாமல் காத்தவர் எல்லோருக்கும் இதே விதிதான். எண் உண்மையாயிருக்க வேண்டும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இப்படிப்பட்ட கைத்தொழிலுக்குக் கடதாசியும் எடுக்கலாம். நம் நாட்டில் தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஒன்று முதல் ஏழு வரை மட்டங்களாக இருக்கிறது. வகுப்புக்குப் போய்த்தான் பெறவேண்டும் என்றில்லை. ஏற்கெனவே தொழில் தெரிந்தவரை மதிப்பீட்டாளர் செய்யச் சொல்லிப் பார்த்து, கேள்வி கேட்டு, தகுதி இருந்தால் சான்றிதழுக்குச் சிபாரிசு செய்யும் முறை உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். நைட்டா என்று அழைக்கப்படும் பயிலுனர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். தையல், பேக்கரி, அழகுக்கலை, முன்பள்ளி ஆசிரியம் போன்றவையெல்லாம் இந்தத் தகைமைக்குள் வருகின்றன. நாற்பது வயதில் முதல் சான்றிதழைக் கையில் வாங்குவது சின்ன விஷயமல்ல.

இடையில் விடுபட்ட வருடங்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். மறைக்காதீர்கள். "1990 ஒக்டோபர் வரை யாழ்ப்பாணத்தில் கல்வி, பின்னர் இடம்பெயர்ந்து புத்தளத்தில்" என்று ஒரே வரியில் எழுதுங்கள். அது நாட்டின் வரலாறு, உங்கள் குற்றமல்ல. பந்தி பந்தியாக விளக்கவும் வேண்டாம். இரக்கத்தைக் கேட்கும் கோவையைப் பலர் பாதியிலேயே மூடிவிடுவார்கள்.

மூன்றாம் பக்கத்தில்தான் விண்ணப்பங்கள். திகதி, இடம், எந்தக் கோவையை அனுப்பினீர்கள், பதில் வந்ததா, நேர்முகத்துக்கு அழைத்தார்களா என்று குறித்து வையுங்கள். ஒரே கோவையை ஐம்பது பிரதி எடுத்து ஐம்பது இடத்துக்குப் போடுவதை முன்னேற்றம் என்று எண்ணவேண்டாம். அது தபால் திணைக்களத்துக்கு வருமானம், அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு அனுப்பியும் ஒரு அழைப்பும் இல்லையென்றால் கோவையில் ஏதோ இடறுகிறது, அல்லது கேட்கும் தகைமைக்குப் பொருந்தாத இடங்களுக்கு அனுப்புகிறீர்கள். விளம்பரத்தை மறுபடி வாசியுங்கள். வயதெல்லை, வதிவிடம், மொழி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். புத்தளத்து முகவரி போட்டு யாழ்ப்பாணத்து வேலைக்கு விண்ணப்பித்திருந்தால், கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்று வாங்குவதுதான் முதல் வேலை. அழைப்பு மூன்று நான்கு வந்தும் தெரிவாகவில்லையென்றால் கோவையைத் தொடாதீர்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. வீட்டில் தங்கையை எதிரே உட்காரவைத்து நேர்முகத்துக்குப் பழகுங்கள். "எனக்கு ராசியில்லை" என்று பொதுவாகச் சலித்துக்கொள்பவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எங்கே ஒழுகுகிறது என்று கொப்பி காட்டிக்கொடுக்கும்.

உறவினரல்லாத இருவரின் பெயரைக் கேட்பார்களே, அதையும் சும்மா விடாதீர்கள். படிப்பித்த ஆசிரியை இன்று கொழும்பிலோ லண்டனிலோ இருக்கலாம். உயிரோடிருக்கிறாரா, தொலைபேசி எண் சரியா, உங்களை நினைவிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பெயரைப் போடுங்கள். கேட்காமல் போட்ட பெயரால் காரியம் கெட்டதுண்டு.

அரச வேலை விளம்பரங்கள் வரும் வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகிறது. அதனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் கொப்பியைத் திறப்பது வசதி. அரை மணி நேரம் போதும். இந்த வாரம் எத்தனை வரிக்கு அத்தாட்சி கூடியது, எத்தனை வரிக்கு எண் சேர்ந்தது, யாருக்கு அனுப்பினேன், அடுத்த வாரம் எந்தக் கந்தோருக்குப் போகவேண்டும் என்று எழுதி, கீழே திகதி போட்டுவிடுங்கள். தாயும் மகளுமாக இருந்தால் ஒரே கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொள்ளலாம்.