எங்கள் வீட்டு ஐ.டி. டிப்ளமோ

பத்தாவது முடித்த பெண்ணைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கலாமா என்று கேட்டு இந்தப் பதினைந்து நாளில் மூன்று சகோதரிகள் கடிதம் போட்டிருக்கிறார்கள். யோசனை சொல்லும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை. என் பெரிய மகள் 2022-இல் சேர்ந்து 2025-இல் இன்பர்மேஷன் டெக்னாலஜி டிப்ளமோ முடித்தாள். அந்த மூன்று வருஷமும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்த அன்றைக்கே பெரிய நாத்தனாரிடமிருந்து போன். "ஏம்மா, பிளஸ் டூ படிக்க வெச்சு நல்ல காலேஜா பார்க்காம பாலிடெக்னிக்கா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா டிப்ளமோன்னா சொல்லுவே?" என்று பிடித்துக்கொண்டார். அவர் போனை வாங்கி, "அக்கா, மூணு வருஷம் முடிச்சா நேரா பி.இ. ரெண்டாவது வருஷத்துல சேரலாம். கதவு ஒண்ணும் மூடிப்போகலை" என்று சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. அப்போதைக்கு!

கம்ப்யூட்டர் படிக்கப் போகிறோம் என்று துள்ளிக்கொண்டு போனவளுக்கு முதல் வருஷம் கிடைத்தது என்ன தெரியுமோ? டிராயிங் போர்டும் அரமும்! முதல் வருஷப் பாடம் பெரும்பாலும் எல்லாப் பிரிவுக்கும் பொதுவாம். கணக்கு, பௌதிகம், ரசாயனம், படம் வரைவது, ஒர்க் ஷாப். இரும்புத் துண்டை ராவி ராவிக் கை கொப்பளித்து வந்து நிற்பாள். அதைவிட இங்கிலீஷ்தான் பாடாய்ப் படுத்தியது. தமிழ் மீடியத்தில் படித்த பெண்ணுக்குத் திடீரென்று புத்தகம் முழுக்க இங்கிலீஷ் என்றால்? முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் அரியர். "நான் பிளஸ் ஒன்லயே சேர்ந்துக்கறேம்மா" என்று ராத்திரி படுக்கையில் தேம்பினாள். நாத்தனார் சொன்னது எனக்கும் காதில் ஒலிக்காமல் இல்லை. நல்லவேளையாக அங்கே ஒரு மேடம், சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பாடத்தைத் தமிழில் சொல்லி, பிறகு அதையே இங்கிலீஷில் எழுத வைத்தார்கள். அடுத்த பரீட்சையில் இரண்டும் தேறிற்று.

அதற்கப்புறம்தான் அசல் படிப்பு. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஒரு முகவரி உண்டாம். நான்கு எண்கள், நடுநடுவே புள்ளி. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரைதான் போகலாம். ஏன் 255-ஓடு நிற்க வேண்டும் என்று இரண்டு நாளாய் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள். எங்களுக்கு இருப்பது ஒரு சின்ன மளிகைக்கடை. நோட்டில் 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று எழுதியிருந்ததை எட்டிப் பார்த்து அவர் சொன்னார்: "இது எடைக்கல்லு கணக்கு மாதிரியில்ல இருக்கு! இந்த எட்டுக் கல்லுல ஒவ்வொண்ணு இருந்தாப் போதும், எந்த எடையையும் நிறுத்துடலாம். 192 வேணும்னா எதை வெப்பே?"

"128-ம் 64-ம்."

"மிச்சக் கல்லு?"

"கீழே இருக்கும்... அப்பா! தட்டுல இருந்தா 1, கீழே இருந்தா 0! 11000000!"

எட்டுக் கல்லையும் தட்டில் வைத்துக் கூட்டிப் பார்த்தாள். சரியாக 255! பாடம் நடத்திய பெருமையில் அவர் அன்றைக்குக் கடை திறக்கவே நேரமாக்கிவிட்டார்.

கேபிள் வேலை என் மாமியாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு கேபிளுக்குள் மெல்லிய கம்பிகள் எட்டு, நான்கு ஜோடியாய் முறுக்கியிருக்கும். முறுக்குவது அழகுக்காக என்று நினைத்தேன். பக்கத்துக் கம்பியின் இரைச்சல் ஏறாமல் இருக்கத்தானாம். நுனியில் அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பழுப்புவெள்ளை, பழுப்பு என்று வரிசை பிசகாமல் அடுக்கிக் கண்ணாடி மாதிரியான மூடிக்குள் செருகிக் கிரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். "கதம்பம் கட்டற மாதிரிதான்டி!" என்று அத்தை இரண்டு முடித்துக் கொடுத்தார். அந்தக் கருவி அவளே வாங்கியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் பாங்க் கணக்கிலேயே வந்தது. பஸ் செலவு போக மிச்சம் பிடித்திருந்தாள்.

இனி உடம்பு சமாசாரம். இதை எந்தக் காலேஜ் நோட்டீஸிலும் போடமாட்டார்கள். லேபில் மணிக்கணக்காகத் திரையைப் பார்த்தால் கண் சிமிட்டுவதே குறைந்துபோய் எரிச்சல் வரும். 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொன்னார் டாக்டர். அது சுலபம். இன்னொன்றுதான் கஷ்டம். காலையில் கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். கேட்டால், "பாத்ரூம் தாழ்ப்பாள் சரியில்லேம்மா" என்பாள். தண்ணீரே குடிக்காமல் அடக்கி அடக்கி, கடைசியில் நீர்க்கடுப்பும் ஜுரமுமாய் ஒரு வாரம் படுக்கை. பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து எழுந்து நின்று கேட்டோம். முதலில் சிரித்தார்கள். தாழ்ப்பாள் போட இரண்டு மாசம் ஆயிற்று!

இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். சம்பளம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். பி.இ. சேருவதா, இதிலேயே நீடிப்பதா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. நாத்தனார் பி.இ. கட்சி, என் மாமியார் சம்பளக் கட்சி!

கடிதம் போட்ட சகோதரிகளே, பணம் கட்டுமுன் ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் லேபுக்குள் போய், ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பெண்கள் என்று எண்ணுங்கள். மூன்று பேர் என்றால் ஒருத்தி தட்டுவாள், இரண்டு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அப்படியே பெண்கள் பாத்ரூமையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.