கீழே இருக்கிற எண்

தைப்பூசத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். விராலிமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் வெயிலில் வெளுத்த ஒரு ஃபிளெக்ஸ்: ‘பத்தாம் வகுப்பில் 100% தேர்ச்சி’. என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தவன் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்பதாவது வரைக்கும் எனக்குப் பக்கத்து பெஞ்சு. கணக்கில் வீக். பத்தாவது தொடங்கும் முன் அவன் அப்பாவை வரச்சொல்லி, “இங்க எழுதுனா ஃபெயிலாயிடுவான், டி.சி. வாங்கிட்டு பிரைவேட்டா எழுதச் சொல்லுங்க” என்றார்கள். அவன் எழுதவே இல்லை. லாரிக்குக் கிளீனராகப் போனான். அந்த வருஷம் எங்கள் பள்ளி நூறு சதவீதம். நானும் கைதட்டினேன்.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் வேலையில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. எழுதிய நிரல் டெஸ்ட்டில் தேறவில்லையா, அந்த டெஸ்ட்டையே அழித்துவிடுவது. திரை முழுக்கப் பச்சை விளக்கு, மேனேஜருக்கும் சந்தோஷம். பிடிபட்டால் வேலை போகும். பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் ரிசல்ட் காட்டுவது, விருதும் கிடைக்கும்.

தேர்ச்சி சதவீதம் என்பது ஒரு வகுத்தல். மேலே தேறியவர்கள், கீழே தேர்வு எழுதியவர்கள். படித்தவர்கள் இல்லை, சேர்ந்தவர்கள் இல்லை, ஹாலில் வந்து உட்கார்ந்தவர்கள் மட்டும். 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித்தாளுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. மே மாதம் ரிசல்ட் 94.03 சதவீதம்: எழுதியவர்கள் 8,03,385, தேறியவர்கள் 7,55,451. வராதவர்களையும் கீழே சேர்த்து வகுத்துப் பாருங்கள், 88 சொச்சம்தான் வரும். அந்தப் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே படிப்பை விட்டவர்கள், பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது என்றார்கள். சரிதான், நான் சொல்வதும் அதையேதான். படிப்பை விட்டவன் எந்தப் பள்ளியின் கணக்கிலும் தோல்வியாக விழுவதில்லை.

ஆசிரியர்களைத் திட்ட எனக்கு மனசில்லை. சதவீதம் குறைந்தால் மீட்டிங்கில் எழுந்து நிற்கப்போவது அவர்கள்தான். அப்படி நிற்க வேண்டிய மனுஷனுக்குப் பின்பெஞ்சுப் பையன் மாணவனாகவா தெரிவான், ஆபத்தாகத் தெரிவான். அமெரிக்காவில் அட்லாண்டாவில் மதிப்பெண் நெருக்கடி தாங்காமல் விடைத்தாள்களையே ரப்பரால் அழித்துத் திருத்தினார்கள். 2015இல் கோர்ட் பதினோரு பேரைக் குற்றவாளிகள் என்றது. இங்கே ரப்பர்கூட வேண்டாம், டி.சி. போதும்.

2017இல் தமிழக அரசு முதல் மூன்று ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி என்கிற பட்டியல் வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பிள்ளையின் கழுத்திலிருந்து எடுத்த கயிற்றை ஹெட்மாஸ்டர் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

அளக்கவே கூடாது என்கிறாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அளக்காத பள்ளியில் முதலில் தொலைகிறவன் ஏழைவீட்டுப் பையன்தான், எனக்குத் தெரியாதா? இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது வீடு வீடாகப் போய் யாருக்கெல்லாம் எழுதப்படிக்கத் தெரியாது என்று கணக்கெடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள். தெரியாதவர்கள்தான் அங்கே கணக்கின் ஆரம்பம். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் எந்த வினாத்தாளிலும் இல்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஆறாவதில் சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் பத்தாவது தேறினார்கள் என்று போடுங்கள். வேறு ஊருக்கு மாறிப் போனவர்களைக் கழித்துக்கொள்ளலாம், எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் இருக்கிறது. வகுப்பு எடுக்கவிடாமல் ஆசிரியர்களை அதில் தினமும் விவரம் ஏற்ற வைக்கிறீர்களே, இந்த ஒரு கேள்வியை அதனிடம் கேட்க ஒரு சாயங்காலம் போதும். நானே எழுதித் தருகிறேன், சும்மா.

இதையெல்லாம் டீக்கடையில் அவனிடமும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, கிளாஸைக் கீழே வைத்தான்.

“எம்பொண்ணு இப்ப ஒன்பதாவதுடா. கணக்குதான் கொஞ்சம் இடிக்குது. போன வாரம் ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டிருந்தாங்க, நான் இன்னும் போகல.”