மேடையும் ஓர் ஆய்வுக்கூடமே

பேச்சுப் போட்டி என்று பள்ளியில் அறிவிப்பு வந்ததும் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். தமிழில் வல்லவர்கள் என்று பெயரெடுத்த இருவர் கையைத் தூக்குவர். கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மதிப்பெண் வாங்குவோர் தலையைக் குனிந்துகொள்வர். "பேச்சு நமக்கு எதற்கு? நாம் சயின்ஸ் படிக்கப் போகிறவர்கள்" என்பது அவர்கள் எண்ணம். இந்த எண்ணம் தவறு என்று நான் கருதுகிறேன். பேச்சுப் போட்டிக்கு நாம் தயாராகும் முறையும் மாற வேண்டும் என்பது என் கருத்து. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடேயைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1791-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த அவர், அதிகம் பள்ளிக்குப் போனவரல்லர். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். இளைஞர்கள் கூடி ஒருவர்க்கொருவர் அறிவியல் சொற்பொழிவு ஆற்றும் கழகம் ஒன்று அப்போது லண்டனில் இருந்தது. ஃபாரடே அதில் சேர்ந்து பேசிப் பழகினார். பிறகு பேச்சுக் கலை ஆசிரியர் ஒருவரிடம் முறையாகப் பாடமும் கேட்டார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் புகழ்பெற்ற சொற்பொழிவாளர் ஆன பிறகும் அவர் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். 'மெதுவாக' என்று எழுதிய அட்டை ஒன்று அவர் முன்னால் இருக்கும். அதை மறந்து வேகமாகப் பேசத் தொடங்கினால், உதவியாளர் ஆண்டர்சன் அந்த அட்டையை எடுத்து அவர் கண்ணில் படும்படி வைப்பார். நேரம் முடியப்போகிறது என்பதற்கும் ஓர் அட்டை உண்டு. 1827 முதல் 1860 வரை 19 முறை அவர் நிகழ்த்திய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் இளைஞர்களுக்காகவே நடந்தவை. பேசும் திறமை பிறவியில் வருவது என்று சொல்வோர் அந்த அட்டைகளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பெருமாள் கோயிலையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்ந்த மாணவர்கள் ஆண்டுதோறும் கல்லூரியில் சேர்கின்றனர். அவர்களில் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். செய்முறைத் தேர்வில் கருவியைச் சரியாகப் பொருத்துவர். அளவீடுகளைக் கவனமாக எடுப்பர். "இந்தத் திருகை ஏன் திருகினாய்?" என்று தேர்வாளர் கேட்டதும் வாயடைத்துப் போவர். விடை உள்ளே இருக்கும். அதைத் தம் சொற்களில் எடுத்துச் சொல்லிப் பழக்கம் இருக்காது. அடுத்துள்ள மறைமலை நகரின் தொழிற்சாலைகளுக்கும் மகேந்திரா சிட்டியின் நிறுவனங்களுக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதும் இதே தடைதான். உழைத்துப் படித்த படிப்பு வாய்ப்பேச்சு இல்லாமையால் மதிப்பிழப்பதைக் காட்டிலும் வருத்தம் தருவது வேறில்லை.

இந்தத் தடையைப் பள்ளி நாளிலேயே நீக்கிக்கொள்ள வழி உண்டு. தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறை, தலைவர்களின் பிறந்த நாட்களையொட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் முதல் மூன்று பரிசுகள் ரூ.5,000, ரூ.3,000, ரூ.2,000 என அமைந்துள்ளன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கெனத் தனியே சிறப்புப் பரிசும் உண்டு. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனதால் இங்குள்ளவர்கள் மாவட்டப் போட்டிக்காகக் காஞ்சிபுரம் வரை போக வேண்டியதில்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் ரயிலேறினால் பரனூர், அதற்கடுத்தது செங்கல்பட்டு.

ஆனால் இத்தகைய போட்டிகளில் பெரும்பாலும் நாம் கேட்பது என்ன? அண்ணனோ ஆசிரியரோ எழுதிக் கொடுத்ததை மாணவர் மனப்பாடம் செய்து வந்து ஒப்பிக்கிறார். எங்கே கையை உயர்த்துவது, எங்கே குரலை ஏற்றுவது என்பதும் சொல்லிக் கொடுக்கப்பட்டது. நடுவில் ஒரு சொல் மறந்தால் பேச்சு முழுவதும் நின்றுவிடுகிறது. அந்தக் கருத்து அவருடையதாக இருந்தால், மறந்த சொல்லுக்கு வேறொரு சொல்லைப் போட்டுத் தொடர்ந்திருப்பாரே! ஆய்வுக்கூடத்தில் கருவியைத் தொடாமல், மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து அளவீடுகளைப் பார்த்து எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எழுதியது சரியாக இருக்கலாம். எழுதியவர் கற்றது ஒன்றுமில்லை. ஒப்பிக்கும் போட்டி வேறு, பேச்சுப் போட்டி வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதால்தான் அறிவியல் மாணவர் ஒதுங்குகிறார்.

உண்மையில், மேடையில் கற்க இயற்பியலே நிறைய இருக்கிறது. திறந்தவெளியில் ஒலிச்செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். 2 மீட்டர் தூரத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் செறிவில் 16-இல் ஒரு பங்குதான் 8 மீட்டர் தூரத்தில் இருப்பவரை எட்டும். எனவே மைதானத்தில் பேசும்போது கடைசி வரிசையைப் பார்த்துப் பேச வேண்டும். கூடத்திலோ வேறொரு சிக்கல். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். பேசுபவருக்கு எதிரே 17 மீட்டரில் சுவர் இருந்தால் அவருடைய ஒலி போய்த் திரும்ப 0.1 நொடி ஆகும். வெறும் சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள கூடத்தில் ஒலி பலமுறை மோதி எதிர்முழக்கமாக நீளும். விரைந்து பேசினால் ஒரு சொல்லின் முழக்கம் அடுத்த சொல்லின் மேல் ஏறிவிடும். அங்கே நிறுத்தி நிறுத்திப் பேசுவது அலங்காரத்துக்காக அன்று, காதுக்குத் தேவை.

பயம் வந்ததும் குரல் கீச்சென்று ஆவதற்கும் காரணம் உண்டு. குரல்வளைத் தசைகள் இறுகுகின்றன. குரல் நாண்களின் இழுவிசை கூடுகிறது. இழுத்துக் கட்டிய வீணைத் தந்தியைப் போல அதிர்வெண் உயர்கிறது. நன்கு மூச்சிழுத்துவிட்டு, முதல் வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில் தொடங்கினால் இறுக்கம் மெல்லத் தளரும். வீட்டில் கண்ணாடி முன் நின்று நூறு முறை பேசினாலும் இந்தப் பயம் வராது. ஆகவே அதை வெல்லவும் பழக முடியாது. அதற்கு முன்பின் அறியாத கேட்போர் வேண்டும், கடிகாரம் வேண்டும், நடுவர் வேண்டும். இவை மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் போட்டி மேடை. அதனால்தான் அதை ஆய்வுக்கூடம் என்கிறேன்.

போட்டியை எப்படி அமைக்கலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1924-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய பேச்சுப் பயிற்சிக் கழகம், டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பெயரில் இன்று பல நாடுகளில் இயங்குகிறது. 18 வயது நிரம்பியவர்களே அதில் உறுப்பினர் ஆகலாம். ஆனால் அதன் போட்டி விதிகள் உங்களுக்கும் பயன்படும். தயாரித்த பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம். 7½ நிமிடத்தைத் தாண்டினால் தகுதி போய்விடும். இன்னொரு போட்டியில், எல்லோருக்கும் ஒரே கேள்வி மேடையேறிய பிறகே தரப்படும். ஓரிரு நிமிடத்தில் விடை சொல்ல வேண்டும். மூன்றாவதும் ஒன்று உண்டு. ஒருவர் பேசுவதைக் கேட்டு, அதன் நிறைகுறைகளை 2, 3 நிமிடத்தில் எடுத்துரைப்பதே அந்தப் போட்டி. பிறர் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு இவ்விரண்டிலும் வெல்ல முடியாது.

இக்கழகத்தின் உலகப் போட்டியில் 2014-இல் வென்றவர் நம் அண்டை நாடான இலங்கையைச் சேர்ந்த தனஞ்சய ஹெட்டியாராச்சி. அடுத்த ஆண்டு வென்ற சவூதி அரேபியாவின் முகம்மது கஹ்தானி, சிறு வயதில் திக்குவாயால் துன்பப்பட்டவர். தொழிலால் அவர் ஒரு பொறியியலாளர்!

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். போட்டியில் ஒவ்வொருவர் பேசி முடித்ததும் நடுவர் அதே தலைப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். பாதி மதிப்பெண் அதற்கே இருக்கட்டும். செலவில்லாத மாற்றம் இது. எழுதிக் கொடுப்பவர்கள் தாமே விலகிக்கொள்வர். "மேடைக்கூச்சம் உள்ள பிள்ளை, எழுதிக் கொடுத்தாவது ஏற்றிவிடுவோம்" என்று சொல்லும் ஆசிரியர்களின் அன்பை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தேவை குறிப்பு அட்டையும் இரண்டு மூன்று வாய்ப்புகளும்தான்.

மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நீங்களே பார்த்த, நீங்களே அளந்த ஒன்றைத் தலைப்போடு இணைத்துப் பேசுங்கள். உங்கள் ஊர் ஏரியில் கோடையில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று ஒரு குச்சியை நட்டு அளந்திருந்தால், அது கடன் வாங்கிய பத்து மேற்கோள்களுக்குச் சமம். ஐந்து குறிப்புகளை ஓர் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். வாக்கியங்களை மேடையிலேயே அமையுங்கள். நண்பனை முன்வரிசையில் 'மெதுவாக' அட்டையுடன் உட்கார வையுங்கள். பரிசு கிடைக்காமல் போகலாம். கிடைக்காவிட்டால், எந்த இடத்தில் கேட்போர் கவனம் சிதறியது என்று அந்த நண்பனிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.