ஸ்கீமும் சூழ்ச்சியும்

திட்டத்தைக் குறிக்கும் ‘ஸ்கீம்’ என்னும் ஆங்கிலச் சொல், உருவம் எனப் பொருள்படும் ‘ஸ்கேமா’ என்ற கிரேக்கச் சொல்லினின்று இலத்தீன் வழியாக வந்ததாகும். முதலில் அது சொல்லணியையும், சோதிடர் வரையுங் கோட்சக்கரத்தையும் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் திட்டமாயிற்று, பின்னர் வஞ்சனையுமாயிற்று. பிரிட்டனில் ஓய்வூதியத் திட்டத்திற்கு அப்பெயர் இழுக்கன்று. அமெரிக்கரோ அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஐயுறுவர்.

நம் ‘சூழ்ச்சி’யும் இங்ஙனமே கெட்டதன்றோ? சூழ்தலாவது ஆராய்தல். வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் ஆலோசனை என்னும் பொருளிலேயே இச்சொல்லை ஆண்டனர். இன்று ஒருவனைச் சூழ்ச்சிக்காரன் என்றாற் சண்டைக்கு வருவான்! ஆங்கிலச் சொல் நற்பொருளையும் உடன்வைத்துக்கொண்டது. நம்முடையதோ பெரும்பாலும் இழந்துவிட்டது. அகராதிகள் பழம்பொருளையே முதலில் வைத்தல் வேண்டும். இன்றேல், தேர்வுக்கு முதல்நாள் குறளைப் புரட்டும் என்போன்றார் வள்ளுவர் கூறும் அமைச்சனை வஞ்சகனாக்கிவிடுவர்.