மனிதர் ஏன் பயணத்தை விரும்புகின்றனர்?

எமது பள்ளியில் சென்ற ஆண்டு நடைபெற்ற கட்டுரைப் போட்டியில், மாணவர் எழுதியவற்றைப் படித்துப் புள்ளியிடும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. "நான் சென்ற பயணம்" என்பது தலைப்பு. எழுதியவர்கள் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். அவர்களுள் ஒரு சிறுவன், ஈராண்டுகளில் நான்கு முறை வெளிநாடு சென்றதாக எழுதியிருந்தான். பாரிஸில் மாமாவின் திருமணம், ரொறன்ரோவில் மச்சாளின் பூப்புனித நீராட்டு விழா, ஜெர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வேறு இரு கொண்டாட்டங்கள். நான்கு நாடுகளைப் பற்றியும் அவன் எழுதியது ஒன்றே. மண்டபம் பெரிதாக இருந்தது, உணவு சுவையாக இருந்தது, உறங்குவதற்கு நெடுநேரமாயிற்று. கட்டுரையின் இறுதியில், "பயணம் செய்ய எல்லோருக்கும் விருப்பம் என்கிறார்கள். அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை" என முடித்திருந்தான்.

அவனுக்கு நல்ல புள்ளிகள் வழங்கினேன். பெரியவர்களும் கேட்கத் தவறிய வினாவை அவன் கேட்டிருந்தான். அதற்கு என்னால் இயன்ற விடையை இம்மலர் வாயிலாக அவனுக்கும் அவனுடைய பெற்றோருக்கும் கூற விழைகின்றேன்.

பழந்தமிழில் பயணத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று 'செலவு' என்பதாகும். 'செல்' என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. பொருள் தேடப் புறப்படவிருந்த தலைவன், தலைவியின் துயர் கண்டு தன் பயணத்தைத் தள்ளிவைப்பதை அகப்பொருள் நூலார் 'செலவழுங்கல்' என்பர். இன்றோ செலவு என்றதும் கையை விட்டுப் போகும் பணமே எம் நினைவுக்கு வருகின்றது. "கோடை விடுமுறைக்கு எங்காவது போவோம்" என்று பிள்ளைகள் கேட்கும்போது, "அதெல்லாம் வீண் செலவு" என்கிறோம். அந்த ஒரு மறுமொழியில் அச்சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒருங்கே அடிபட்டுப் போகின்றன!

மனிதரைப் பயணத்துக்குத் தூண்டும் முதற்காரணம் காணும் ஆவலே எனலாம். மொரோக்கோ நாட்டின் தஞ்சியர் நகரிலிருந்து 1325ஆம் ஆண்டில், 21 வயது இளைஞர் ஒருவர் மக்காவுக்குப் புனித யாத்திரை புறப்பட்டார். அவர் பெயர் இபின் பதூதா. யாத்திரைக் கடமை நிறைவேறியதும் அவர் ஊர் திரும்பியிருக்கலாம். ஆயினும் எகிப்து, பாரசீகம், ஆபிரிக்காவின் கிழக்குக் கரை, இந்தியா, மாலைதீவு எனச் சுற்றி, 1349இலேயே தாயகம் மீண்டார். புறப்பட்டது கடமைக்காக, தொடர்ந்தது ஆவலினால்.

1344இல் அவரது கப்பல் இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. அக்கரையில் அவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அம்மன்னர் பாரசீக மொழி அறிந்தவராக இருந்ததையும், முத்துக் குளிப்பில் கிடைத்த முத்துக்களைத் தமக்குக் காட்டியதையும் பதூதா தமது பயண நூலில் பதிவு செய்துள்ளார். வேண்டியதைக் கூச்சமின்றிக் கேட்குமாறு மன்னர் கூறினார். முத்துக்களைக் குவித்து வைத்திருந்த அரசரிடம் பதூதா கேட்டது, பாவா ஆதம் மலை என முஸ்லிம்களும் சிவனொளிபாத மலை எனச் சைவர்களும் போற்றும் மலையின் பாதச்சுவட்டைக் காணும் வாய்ப்பு ஒன்றையே. மன்னர் பல்லக்கும், வழித்துணைக்கு யோகிகளையும் அந்தணர்களையும், உணவு சுமக்க ஆட்களையும் அளித்து அனுப்பி வைத்தார். இஸ்லாமியப் பயணி ஒருவர் மலை காணச் செல்வதற்குத் தமிழ் மன்னர் பல்லக்குக் கொடுத்த இவ்வரலாற்றை, இம்மலரைப் படிக்கும் எமது பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது காரணம், கண்டதைப் பிறருக்குச் சொல்லும் இன்பம். பதூதா தாயகம் மீண்ட பின்னர், தாம் கண்டவற்றை ஓர் எழுத்தாளரிடம் சொல்லி எழுதுவித்தார். எமது முன்னோரும் இவ்வின்பத்தை நன்கறிந்திருந்தனர். பத்துப்பாட்டு நூல்கள் பத்தினுள் ஐந்து ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. வள்ளல் ஒருவரிடம் சென்று பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு அங்கு செல்லும் வழியைச் சொல்வதே ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படையைப் படித்துப் பாருங்கள். கடற்கரையில் சுட்ட மீன் கிடைக்கும், வேட்டுவர் குடியிருப்பில் புளி இட்ட சோறு கிடைக்கும், வயல் சூழ்ந்த ஊரில் வெண்சோற்றுடன் நண்டு கிடைக்கும் என்று நிலத்துக்கு நிலம் விருந்தும் சொல்லப்படுகின்றது. இன்று விமான நிலையக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் வழிகாட்டி நூல்களின் வேலையை, அவற்றினும் சுவையாக எமது பாணர்கள் அன்றே செய்துள்ளனர்.

அண்மைக் காலத்திலும் தமிழில் இம்மரபு தொடர்ந்தது. 'உலகம் சுற்றும் தமிழன்' என அறியப்பட்ட ஏ. கே. செட்டியார், 1937இல் அத்திலாந்திக் கடலில் கப்பற் பயணம் செய்துகொண்டிருந்த வேளையில் காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க எண்ணங் கொண்டார். படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்தார். 1940இல் அப்படம் வெளியாயிற்று. பயணத்தில் பிறந்த எண்ணம் மற்றொரு நெடும் பயணத்தால் நிறைவேறியது.

மூன்றாவது காரணம், அன்றாட உழைப்பிலிருந்து கிடைக்கும் விடுதலை. இதனை எல்லோரும் விரும்பினர். சிலருக்கே அது கிட்டியது. நாம் வாழும் இந்நாட்டில் 1841ஆம் ஆண்டு யூலை 5ஆம் நாள், மதுவிலக்குப் பற்றாளரான தோமஸ் குக் என்பவர் லெஸ்ரர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரைத் தனிப் புகைவண்டியில் அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் கூட்டத்துக்கான அப்பயணத்துக்கு ஆளுக்கு ஒரு சில்லிங் கட்டணம். தூரமோ 11 மைல் அளவே. ஆயினும், செல்வந்தர்க்கே உரியதாயிருந்த இன்பப் பயணத்தைச் சாதாரண மக்களின் கைக்கு எட்டச் செய்த முயற்சிகளுள் அதற்குத் தனியிடம் உண்டு. தொழிலாளர்க்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறை வேண்டுமென்னும் சட்டம் இங்கு வந்தது 1938இலேயாகும். ஆகவே, பயணம் செய்யும் விருப்பம் பணக்காரரின் பொழுதுபோக்கு என்று கூறுவார் கூற்றை நான் ஏற்கேன்.

இவ்வளவும் கூறிய பின்னர், எமது பெற்றோர் பலரின் மனத்தில் எழும் மறுப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். "நாங்கள் செய்த பயணம் போதாதா?" என்பதே அம்மறுப்பு.

அது நியாயமான கேள்வி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியேறியோர், கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளங்களில் கடந்தனர். அவ்வழியில் உயிரிழந்தோரும் உளர். அடுத்து முகவர்கள், அறியாத விமான நிலையங்கள், குளிரில் மாதக்கணக்கான காத்திருப்பு. இந்நாட்டில் அகதியாக ஏற்கப்பட்டோர்க்கு வழங்கப்பட்ட பயண ஆவணத்தில், அது தாய்நாட்டுக்குச் செல்லுபடியாகாது எனக் குறிக்கப்பட்டிருந்தது. பெற்றோரின் முகம் காண ஏங்கியவர்க்கு, உலகம் முழுவதும் திறந்திருந்தும் அவ்வொரு வாயில் மூடியிருந்தது.

இதனை விரும்பிச் செய்த பயணம் என எவரும் கூறமாட்டார். தானே தெரிந்து புறப்படுதலும், விரும்பியபோது வீடு திரும்ப முடிதலும் ஆகிய இரண்டும் இருந்தாலன்றிப் பயணம் இனிக்காது. பதூதாவுக்குத் தஞ்சியர் நகரம் காத்திருந்தது. எம்மவர் பலருக்கோ, பூட்டிவிட்டு வந்த வீட்டின் கூரையே எஞ்சவில்லை. பெட்டி கட்டுவதைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும் தாய்மாரை நான் அறிவேன். அவர்களைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. நானும் அவ்வழியே வந்தவன்தான்.

ஆயினும் எம் காயத்தைப் பிள்ளைகளின் தலையில் சுமத்துதல் முறையாகுமா? கொண்டாட்டங்களுக்குச் செல்வது தவறென்பது என் கருத்தன்று. சிதறிய உறவுகள் ஒன்றுகூடுவது எமக்கு மருந்து. ஆனால் விமானத்திலிருந்து உறவினர் வீடு, வீட்டிலிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து மீண்டும் விமானம் என்று முடிந்துபோகும் ஒன்றுக்குப் பயணம் என்று பெயரிட என் மனம் ஒப்பவில்லை. பாரிஸுக்குச் சென்று அந்நகரின் ஆற்றைக் காணாமல் திரும்பிய பிள்ளைக்கு, "பயணம் ஏன்?" என்னும் ஐயம் எழாமல் வேறென்ன செய்யும்?

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி இக்கருத்தை விளக்குகின்றேன். 1992இல் ஊரை விட்டு வந்த நான், கடவுச்சீட்டுப் பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் அங்கு செல்லவில்லை. வேலை, பணம் என்று காரணங்கள் கூறினேன். உண்மைக் காரணம் அச்சமும் துயரமுமே. இறுதியில் என் மகள்தான் பிடிவாதமாக நின்றாள். அவள் அப்போது இப்பள்ளி மாணவி, வயது 13. 1990இல் நின்றுபோன யாழ்தேவி, 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியிருந்தது. மறு ஆண்டுக் கோடை விடுமுறையில் கொழும்புக் கோட்டையில் அதிகாலையில் அவ்வண்டியில் ஏறினோம்.

வவுனியாவைக் கடந்ததும் மகள் யன்னலோரம் அமர்ந்து நிலையப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி. எதிரே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் புன்னகையுடன் அவளைக் கேட்டார்: "பிள்ளை எந்த ஊர்?"

"லண்டன்."

"அது இருக்கிற இடம் மோனை. ஊர் எது?"

மகள் என்னைப் பார்த்தாள். பின்னர் எங்கள் ஊரின் பெயரைத் தானே கூறினாள். மூதாட்டி பையைத் திறந்து அவித்த பனங்கிழங்கு ஒன்றை எடுத்து, நார் உரிக்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார்.

வண்டி ஆனையிறவை அடைந்தது. இடப்புறம் நீர்ப்பரப்பு விரிந்து கிடந்தது. "அம்மம்மா, இது கடலா, குளமா?" என்று மகள் கேட்டாள். "ரெண்டுமில்லைப் பிள்ளை, கடல்நீரேரி. அங்காலை கிளாலிப் பக்கத்தாலைதான் நாங்கள் இரவிலை வள்ளத்திலை வந்தனாங்கள்" என்று தொடங்கி, பேரக் குழந்தையை மடியில் ஒடுக்கிக்கொண்டு விளக்கில்லாமல் நீரைக் கடந்த இரவை அவர் விரித்துரைத்தார். நான் வாய் திறவாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்களும் இப்படியா வந்தீங்கள்?"

தலையசைத்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் நான் சொல்லாத ஒன்றை, முன்பின் அறியாத ஒரு மூதாட்டி சில நிமிடங்களில் அவளுக்குச் சொல்லிவிட்டார். அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தமையாலேயே அது கூடிற்று. அம்மொழி இல்லையேல், அவள் அந்நீரைப் படம் பிடித்திருப்பாள், மூதாட்டியைப் பார்த்துச் சிரித்திருப்பாள், அதனோடு முடிந்திருக்கும். அன்று மாலை முதல் நானும் அவளிடம் பேசத் தொடங்கினேன்.

பயணத்தை மனிதர் விரும்புவதற்கு நான் கண்ட நான்காவது காரணம் இதுவே. வீட்டில் அமர்ந்தவாறு கேட்கவும் சொல்லவும் இயலாதவற்றை, வழியில் கேட்கவும் சொல்லவும் முடிகின்றது.

எனவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் மண்டபம் இல்லாத பயணம் ஒன்றைப் பிள்ளைகளுடன் மேற்கொள்ளுங்கள். ஊருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அங்கு செல்ல இன்னும் மனம் துணியாதோரும், செல்ல முடியாதோரும் எம்மிடையே உள்ளனர். தோமஸ் குக்கின் 11 மைல் போதும். புகைவண்டியில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள கடற்கரையும் போதும். சோற்றையும் கறியையும் கட்டிக்கொண்டே செல்லுங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை. வழியைத் தெரிவு செய்யும் பொறுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். போகும் வழியில் உங்கள் பழைய பயணத்தில் ஒரு சிறு பகுதியையாவது சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் திரும்பி வந்ததும், கண்டதையும் கேட்டதையும் ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவை 'எங்கள் ஆற்றுப்படை' என்னும் தலைப்பில் இடம்பெற வேண்டுமெனப் பள்ளி நிருவாகத்தைக் கேட்டுக்கொள்கின்றேன். நான்கு மண்டபங்களைக் கண்ட அந்தச் சிறுவனின் கட்டுரையை முதலில் படிக்க ஆவலோடு காத்திருப்பேன்.