ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு லட்சம் கோடி

புதுதில்லி: தொழில்துறை சார்ந்த ஆராய்ச்சிக்காக மத்திய அரசு இதுவரை அறிவித்த திட்டங்களில் ஆகப் பெரியது, "ஆராய்ச்சி, மேம்பாடு மற்றும் புத்தாக்க நிதித் திட்டம்" ஆகும். இதன் அளவு ஒரு லட்சம் கோடி ரூபாய். 2024 பிப்ரவரியில் தாக்கலான இடைக்கால நிதிநிலை அறிக்கையில் முதன்முதலாகக் குறிப்பிடப்பட்ட இத்திட்டத்துக்கு 2025 ஜூலை 1-ஆம் தேதி அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி பிரதமர் இதைத் தொடங்கி வைத்தார். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மட்டும் இதற்கென ரூ. 20,000 கோடி ஒதுக்கப்பட்டது.

தொகை பெரியது, அதைப் பற்றிய பாராட்டுரைகளும் பெரியவை. ஆனால், இந்தியாவில் ஆய்வகக் கண்டுபிடிப்புகள் ஆலைகளைச் சென்றடையாமல் போனதற்குப் பணத் தட்டுப்பாடு மட்டுமா காரணம் என்ற கேள்விக்கு இத்திட்டத்தில் முழுமையான விடை இல்லை.

இந்த நிதி மானியம் அன்று, கடன். 50 ஆண்டு காலத்துக்கு வட்டியில்லாக் கடனாக மத்திய அரசு தரும் தொகை, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையில் அமைக்கப்படும் சிறப்பு நிதியத்தில் சேரும். அங்கிருந்து இரண்டாம் நிலை நிதி மேலாளர்களுக்குச் செல்லும். அவர்கள் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நிறுவனங்களுக்கு நீண்டகாலக் கடன் தருவர். புதிய நிறுவனங்களாக இருந்தால் பங்கு முதலீடும் செய்யலாம். ஒரு தொழில்நுட்பம் எந்த அளவு பக்குவப்பட்டுள்ளது என்பதை ஒன்று முதல் ஒன்பது வரை அளவிடும் முறையை அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா உருவாக்கியது. அந்த அளவுகோலில் நான்காம் நிலையையோ அதற்கு மேற்பட்ட நிலையையோ எட்டிய திட்டங்களுக்கே இந்த நிதி கிடைக்கும். அதாவது, ஆய்வகத்தில் செயல்படும் என்று மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அறக்கட்டளை நிறுவப்பட்டபோதே அரசின் எண்ணம் வெளிப்பட்டது. 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அதற்கு ஐந்தாண்டுகளுக்கு ரூ. 50,000 கோடி திரட்டத் திட்டமிடப்பட்டது. அதில் அரசின் பங்கு ரூ. 14,000 கோடி மட்டுமே. எஞ்சிய ரூ. 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்ற அரசு சாராத தரப்பிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

இந்த எதிர்பார்ப்புக்கு அடிப்படை உண்டா என்பதைப் புள்ளிவிவரம் காட்டும். 2020-21-இல் ஆராய்ச்சிக்காக நாடு செலவிட்டது சுமார் ரூ. 1,27,381 கோடி. பத்தாண்டுகளுக்கு முன்பு, 2010-11-இல், இது சுமார் ரூ. 60,197 கோடியாக இருந்தது. தொகை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தபோதிலும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அதன் பங்கு 0.64 சதவீதம்தான். சீனாவில் இது 2.4 சதவீதத்தை ஒட்டியது. தென் கொரியாவில் ஏறத்தாழ 5 சதவீதம். இந்தியச் செலவில் தனியார் துறையின் பங்கு 36.4 சதவீதம். முன்னேறிய தொழில் நாடுகளில் பெரும் பங்கை ஏற்பது தனியார் துறையே.

தனியாரை ஊக்குவிக்க வரிச் சலுகை என்ற வழி முன்பே முயலப்பட்டது. நிறுவனத்தின் சொந்த ஆராய்ச்சிச் செலவில் 200 சதவீதத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள 2010-இல் அனுமதி வழங்கப்பட்டது. 2017 ஏப்ரல் முதல் அது 150 சதவீதமாகவும், 2020 ஏப்ரல் முதல் 100 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. சலுகை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில்கூட ஆராய்ச்சிச் செலவின் விகிதம் உயரவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதத்துக்கு வலுச் சேர்த்தது. சலுகையைக் குறைத்த பிறகும் உயரவில்லை என்பதையும் உடன் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உண்மையான இடர்ப்பாடு எங்கே உள்ளது என்பதை ஒரு வேதியியல் ஆலையை எடுத்துக்கொண்டால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஆய்வகத்தில் ஒரு லிட்டர் குடுவையில் ஒரு வினை நன்றாக நடக்கிறது. வினையில் எழும் வெப்பம் குடுவையின் சுவர் வழியே வெளியேறிவிடுகிறது. அதே கலனை நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் பத்து மடங்காக்கினால் உள்ளே இருக்கும் பொருள் ஆயிரம் மடங்காகும்; வெப்பம் வெளியேறும் பரப்போ நூறு மடங்குதான் கூடும். குடுவையில் அடங்கி நடந்த வினை ஆலையில் கட்டுக்கடங்காமல் போகலாம். ஆகவே, கலக்கும் முறை, குளிர்விக்கும் முறை, மூலப்பொருளின் தூய்மை ஆகிய அனைத்தையும் புதிதாகக் கண்டறிய வேண்டும். இதற்காக இடைநிலையில் ஒரு சோதனை ஆலை அமைக்கப்படுகிறது. அந்த ஆலை பெருந்தொகையை விழுங்கும். விற்கத் தகுந்த அளவுக்குப் பொருளையும் தராது. அதைக் கட்டுவது அறிவியலாளரின் வேலையன்று என்று ஆய்வகம் கருதுகிறது. மெய்ப்பிக்கப்படாத ஒன்றில் முதலீடு செய்வது தன் வேலையன்று என்று தொழிலதிபர் கருதுகிறார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

இந்த இடைவெளியைக் கடந்த முன்னுதாரணங்கள் நம்மிடம் உள்ளன. அவற்றில் மிகவும் கவனிக்கத் தக்கது சுவராஜ் டிராக்டர். மேற்கு வங்காளத்தின் துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1960-களில் 20 குதிரைத் திறன் கொண்ட டிராக்டர் ஒன்றை முழுக்க உள்நாட்டிலேயே வடிவமைத்தது. ஆனால், பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் தொழில்நுட்பத்தைக் கொண்டு டிராக்டர் தயாரிக்கும் வழியில் சென்றது. துர்காபூர் வடிவம் கோப்பிலேயே முடங்கிப் போயிருக்கும். பஞ்சாப் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் அதை ஏற்க முன்வந்தது. 1970-இல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் உருவானது. வடிவமைப்பில் பங்கு கொண்ட பொறியாளர்கள் சந்திரமோகன் தலைமையில் அந்நிறுவனத்துக்கே வந்து சேர்ந்தனர். 1974-இல் மொகாலி ஆலையில் உற்பத்தி தொடங்கியது. 2007-இல் மஹிந்திரா நிறுவனம் இதைக் கையகப்படுத்தியபோது சுவராஜ் நாட்டின் முன்னணி டிராக்டர்களில் ஒன்றாக விளங்கியது. அப்பெயரில் இன்றும் டிராக்டர்கள் விற்பனையாகின்றன.

வரைபடத்தோடு அதை வரைந்தவர்களும் ஆலைக்கு வந்தனர் என்பது இங்கு முக்கியம். முதல் ஆலையின் இழப்பு அபாயத்தை ஒரு மாநில அரசு நிறுவனம் தன் தோளில் ஏற்றது என்பது அதைவிட முக்கியம். பஞ்சாபுக்கு டிராக்டர் தேவைப்பட்டது. அந்தத் தேவை இல்லாதிருந்தால் எவ்வளவு கடன் கொடுத்தாலும் துர்காபூர் வடிவம் வயலில் இறங்கியிருக்காது.

மற்ற வெற்றிகளிலும் இத்தகைய காரணம் ஒன்று பின்னணியில் இருந்தது. தேர்தலில் விரலில் இடும் அழியாத மையின் சேர்மானத்தை உருவாக்கியது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதை 1962 பொதுத் தேர்தல் முதல் தயாரித்து வருவது கர்நாடக அரசின் மைசூர் பெயிண்ட்ஸ் நிறுவனம். வாங்குபவர் தேர்தல் ஆணையம் என்பது முதல் நாளிலிருந்தே உறுதி. எய்ட்ஸ் நோய்க்கான ஏ.இசட்.டி. மருந்தைக் குறைந்த செலவில் தயாரிக்கும் முறையை ஹைதராபாதிலுள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிலையம் கண்டறிந்தது. சிப்லா நிறுவனம் 1990-களில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொருளுக்கன்றி, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழிவிட்டது. 2005 திருத்தத்துக்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது.

1942-இல் தொடங்கப்பட்ட அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இப்போது 37 தேசிய ஆய்வகங்கள் உள்ளன. இவை தொழில்துறையிடமிருந்து சம்பாதிக்க வேண்டும் என்பது பழைய கோரிக்கை. செலவில் மூன்றில் ஒரு பங்கை வெளியிலிருந்து ஈட்ட வேண்டும் என்று 1986-இல் அபித் ஹுசேன் குழு பரிந்துரைத்தது. 2015-இல் டேராடூனில் நடந்த கூட்டத்துக்குப் பின் பாதிச் செலவை ஈட்டுமாறு வலியுறுத்தப்பட்டது. ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது வழக்கம். அங்கு தொழில்துறையின் ஒப்பந்தப் பணிகளிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வருவாய் கிடைக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி அரசின் அடிப்படை நிதியும் அரசு ஆராய்ச்சித் திட்டங்களின் நிதியும்தான். மேலும், பிரான்ஹோபரின் கதவைத் தட்டும் நடுத்தர நிறுவனங்கள் ஜெர்மனியில் ஏராளம். நம் ஆய்வகங்களிடம் சம்பாதிக்கச் சொல்பவர்கள் அவற்றிடம் வாங்கப் போவது யார் என்பதைச் சொல்வதில்லை.

கடன் வழி நமக்குப் புதிதன்று. இறக்குமதித் தொழில்நுட்பத்துக்காக வெளிநாட்டுக்குச் செலுத்தும் தொகை மீது 5 சதவீத வரி விதித்து, அதைக் கொண்டு உள்நாட்டுத் தொழில்நுட்பத்தை வணிகமாக்கும் நோக்கில் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1996-இல் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் அமைந்தது. வரி வசூலானது, ஆனால் அதில் சிறு பகுதியே வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கைகள் சுட்டிக்காட்டின. 2017-இல் சரக்கு, சேவை வரியை ஒட்டி அந்த வரியே கைவிடப்பட்டது. புதிய நிதியை மதிப்பிடுவோர் இந்த வரலாற்றை மறந்துவிடலாகாது.

இன்னொரு கவலை சிறுதொழில் பற்றியது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், தோல் பதனிடும்போது குரோமியம் கழிவுநீரில் கலப்பதைப் பெரிதும் குறைக்கும் நீரில்லா முறையை உருவாக்கியது. வழக்கமான முறையில் இடப்படும் குரோமிய உப்பில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தோலில் ஏறாமல் வீணாகிறது. கான்பூரின் ஜாஜ்மாவுக்கும் வேலூர் மாவட்டத்துக்கும் இதைவிடப் பயனுள்ள ஆராய்ச்சி அரிது. பாலாற்றங்கரை மக்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996-இல் தீர்ப்புப் பெற வேண்டியிருந்தது என்பதை நினைவுகூரலாம். ஆனால், பத்து இருபது பேரை வைத்து நடக்கும் ஒரு தோல் ஆலையின் உரிமையாளர் புதிய முறையைச் சோதிக்கும்போது ஒரு தொகுதித் தோல் கெட்டுவிட்டால் அந்த மாதக் கூலி கேள்விக்குறியாகிவிடும். அவருக்கு நிதி மேலாளரிடம் திட்ட அறிக்கை சமர்ப்பித்து நீண்டகாலக் கடன் பெறும் வசதியும் இல்லை. பெற்றாலும் தோல்வியுற்ற சோதனைக்குத் தவணை கட்ட வழியும் இல்லை. இந்த நிதியின் அமைப்பு பெரிய நிறுவனங்களுக்கும் முதலீட்டாளர் பின்புலம் உள்ள புதிய நிறுவனங்களுக்குமே பொருந்துகிறது என்றே தோன்றுகிறது.

மீதியிருப்பது கொள்முதல். 2025 ஜூனில் நிதி அமைச்சகம் ஆய்வகங்கள் கருவி வாங்கும் விதிகளைத் தளர்த்தியது. ஒப்பந்தப்புள்ளியின்றி நேரடியாக வாங்கும் வரம்பு ரூ. 1 லட்சத்திலிருந்து ரூ. 2 லட்சமாக உயர்ந்தது, ரூ. 200 கோடி வரையிலான உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு இயக்குநர்களே ஒப்புதல் தரலாம் என்றானது. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், ஆய்வகம் வாங்குவது ஒன்று, ஆய்வகத்தில் பிறந்ததை அரசு வாங்குவது வேறு. ரயில்வேயோ, மின் நிறுவனமோ, எண்ணெய் நிறுவனமோ ஒப்பந்தப்புள்ளி கோரும்போது முன் அனுபவம், முந்தைய ஆண்டுகளின் விற்றுமுதல் ஆகியவற்றைக் கேட்பது வழக்கம். முதன்முதலாகத் தயாரிக்கப்படும் ஒரு பொருளுக்கு இவை இரண்டும் இருக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட புதிய நிறுவனங்களுக்கு இந்நிபந்தனைகளிலிருந்து 2016 முதல் தளர்வு உண்டு என்றாலும், தரத்துக்கு உட்பட்டே அது வழங்கப்படும். தளர்வு தந்து வாங்கிய பொருள் பழுதுபட்டால் தணிக்கைக்கு விளக்கம் தர வேண்டியவர் கையொப்பமிட்ட அதிகாரி. மலிவான, நிரூபிக்கப்பட்ட இறக்குமதிப் பொருளை வாங்கியதற்காக எந்த அதிகாரியிடமும் விளக்கம் கேட்கப்பட்டதாகச் செய்தி இல்லை.