சீன நாவலுக்கு ஆங்கில வாசல் எதற்கு?

சீன நாவல்களிலும் நெடுந்தொடர்களிலும் மனம் பறிகொடுத்த ஒருவர், அவற்றுக்காகவே மாண்டரின் மொழியைத் தாமாகக் கற்கத் தொடங்கினால், நம் இலக்கியச் சூழலில் அவருக்கு மூன்று அறிவுரைகள் தவறாமல் கிடைக்கும். எல்லாம்தான் ஆங்கிலத்தில் வந்துவிட்டதே என்பது முதலாவது. இப்போது இயந்திரமே மொழிபெயர்த்துத் தருகிறதே என்பது இரண்டாவது. வேலைக்கோ வியாபாரத்துக்கோ என்றால் சரி, போயும் போயும் நாவல் படிக்கவா சீனம் என்பது மூன்றாவது. மூன்றும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவைதாம். ஆயினும் மூன்றும் பிழையானவை என்பதே நம் கட்சி. அவற்றுள்ளும் முதலாவது, தமிழ் வாசகனிடம் சொல்லப்படும்போது இருமடங்கு பிழையாகிறது.

ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம். ட்சாவ் ஷுவேச்சின் எழுதிய ‘ஹொங் லோ மெங்’, அதாவது ‘சிவப்பு மாளிகைக் கனவு’, 1791இல் 120 அத்தியாயங்களுடன் அச்சேறியது. சீன நாவல் மரபின் சிகரம் என அதைச் சொல்வதில் யாருக்கும் தயக்கமில்லை. டேவிட் ஹாக்ஸ் அதை ஆங்கிலமாக்குவதற்காகவே 1971இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சீனப் பேராசிரியர் பதவியைத் துறந்தார். 1973 முதல் 1986 வரை ஐந்து தொகுதிகளாக அது வெளிவந்தது. கடைசி இரண்டு தொகுதிகள் ஜான் மின்ஃபோர்டின் உழைப்பு. மொழிபெயர்ப்புக் கலையின் சாதனைகளுள் ஒன்றாக அதை மதிக்கிறோம். அந்த மதிப்போடுதான் கேட்கிறோம்: அது யாருக்காகச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு?

நாவலின் நாயகன் பாவ்யு வாழும் இல்லத்தின் பெயரில் ‘ஹொங்’ என்ற சொல் இருக்கிறது. சிவப்பு என்று பொருள். சீனருக்குச் சிவப்பு மங்கலம், மணம், வசந்தம், இளமை. ஆங்கில வாசகன் மனத்தில் அந்தத் தொடர்புகள் எழமாட்டா எனக் கருதிய ஹாக்ஸ், அந்த இல்லத்தின் பெயரில் சிவப்பைப் பச்சையாக்கினார். இதனால் ஓர் இழப்பு நேர்கிறது என்பதை அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். ஆங்கில வாசகனுக்கு அது நியாயமான ஏற்பாடாக இருக்கலாம். குங்குமத்தையும் கூறைப் புடவையையும் அறிந்த தமிழ் வாசகனுக்கு இந்த ஏற்பாடு எதற்கு? நமக்கு நேராகப் புரிந்திருக்கக்கூடிய ஒரு நிறம், நமக்காக அல்லாத ஒரு சலுகையால் நம்மிடமிருந்து பறிபோயிற்று. யாங் ஷியன்யியும் கிளாடிஸ் யாங்கும் பெய்ஜிங்கிலிருந்து 1978க்கும் 1980க்கும் இடையில் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் சிவப்பு சிவப்பாகவே நிற்கிறது. அதைப் படிக்கலாமே எனக் கேட்கலாம். படிக்கலாம். ஆனால் இரண்டு மொழிபெயர்ப்புகள் வேறுபடும் இடத்தில் எது மூலத்துக்கு நெருக்கம் என்று தீர்மானிக்க, மூலம் தெரிந்திருக்க வேண்டும்.

நிறத்தைவிட உறவுமுறை இன்னும் கூர்மையான சான்று. பாவ்யுவின் வாழ்வில் இரு பெண்கள்: தாய்யு, பாவ்ச்சாய். ஆங்கிலத்தில் இருவரும் ‘கசின்’, கதை முடிந்தது. மூலத்தில் தாய்யு அவன் தந்தையின் உடன்பிறந்தாள் மகள். பாவ்ச்சாய் தாயின் உடன்பிறந்தாள் மகள். தமிழில் சொன்னால் ஒருத்தி அத்தை மகள், முறைப்பெண். மற்றவள் சித்தி மகள், நம் வழக்கில் அக்காள் முறை. மணம் பேசுவதே தகாது. சீன வழக்கில் இருவரும் மணக்கத் தக்கவர்களே. ஆனால் இந்த இரு கிளைகளின் வேறுபாட்டை அம்மொழி மறக்கவில்லை. இருபதாம் அத்தியாயத்தில் பாவ்யு இந்த உறவுக் கணக்கையே எடுத்துச் சொல்லி, அவளைவிட நீயே எனக்கு நெருக்கம் எனத் தாய்யுவைத் தேற்றுகிறான். இறுதியில் குடும்பம் சூழ்ச்சி செய்து அவனுக்கு மணமுடித்து வைப்பது பாவ்ச்சாயை. அத்தை மகளை விலக்கிச் சித்தி மகளைக் கட்டிவைக்கும் அந்த முடிவு தமிழ் மனத்தில் எழுப்பக்கூடிய அதிர்ச்சியை எந்த ஆங்கிலப் பதிப்பாலும் தர முடியாது. ‘கசின்’ என்ற ஒற்றைச் சொல்லின் அடியில் அது புதைந்துவிடுகிறது.

தொடர்களிலும் இதே கதைதான். 2011இல் ஒளிபரப்பான ‘ஜென்ஹுவான் ஜுவான்’ என்னும் அரண்மனைத் தொடர் 76 பகுதிகள் கொண்டது. பேரரசர் தம்மைச் சுட்ட ஒரு சொல். அவர்முன் அரசியர் தம்மைத் தாழ்த்திச் சொல்ல ஒரு சொல். அதே அரசி தனக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் பேசும்போது வேறொரு சொல். ஏவலர் தம்மைச் சொல்லிக்கொள்ள இன்னொரு சொல். யாருக்கு ஏற்றம், யாருக்கு இறக்கம் என்பதை இச்சொற்களின் மாற்றமே நமக்குக் காட்டுகிறது. ஆங்கில சப்டைட்டில் இவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரே தன்மைச் சொல்லாக்கிவிடுகிறது. நான், யாம், அடியேன் என்று அடுக்கிவைத்திருக்கும் மொழிக்காரர்கள் அதைப் படித்து, அருமையான வசனம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்! 2015இல் அமெரிக்கப் பார்வையாளருக்காக இத்தொடர் ஆறே பகுதிகளாகச் சுருக்கப்பட்டது. இன்னொருவர் வசதிக்காக வெட்டப்பட்டதை ஏற்றுக்கொண்டு பழகியவனுக்கு வெட்டுக்காயமே தெரிவதில்லை.

இரண்டாவது அறிவுரைக்கு வருவோம். இயந்திர மொழிபெயர்ப்பு வளர்ந்திருக்கிறது. செய்தியைப் புரிந்துகொள்ளவும் கடைச்சரக்கின் விவரம் அறியவும் போதும். இலக்கியம் அவ்வளவில் அடங்குவதில்லை. லூ ஷுன் 1918இல் வெளியிட்ட ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ கதையின் முன்னுரை பழைய செவ்வியல் நடையில் இருக்கிறது. நாட்குறிப்பு பேச்சு நடையில். நோயாளி குணமடைந்து அரசுப் பதவி தேடிப் போய்விட்டான் என்ற செய்தி பண்டித நடையில் வருகிறது. மனிதர் மனிதரைத் தின்கிறார்கள் என்ற அலறல் மக்கள் மொழியில் வருகிறது. எந்த நடை எதைச் சொல்கிறது என்பதுதான் அங்கே கதை. செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் இடையில் வாழ்ந்து பழகிய நமக்கு இது விளக்கமின்றியே விளங்கும். இயந்திரம் இரண்டையும் ஒரே சீராக இழைத்துத் தந்தால், ஒன்று தொலைந்தது என்பதைக்கூட அறியமாட்டோம். மூலத்தோடு ஒப்பிட இயலாதவன் நம்ப மட்டுமே முடியும்.

மூன்றாவது அறிவுரை நம் சொந்த வரலாற்றையே மறந்தது. காண்டேகரை ஒரு தலைமுறைத் தமிழர் தம் எழுத்தாளராகவே கொண்டாடினார்கள் என்றால், கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராத்தியிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்ததே காரணம். த.நா. குமாரசாமி வங்கம் கற்று வங்க நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் கிடைப்பது போதும் என அவர்கள் இருந்திருந்தால் நம் வாசிப்பு எத்தனை வறியதாக இருந்திருக்கும்! சீனத்திலும் அவ்வழி அடைபட்டதில்லை. பயணி என்ற பெயரில் எழுதும் ஸ்ரீதரன் மதுசூதனன், 305 பாடல்கள் கொண்ட பழஞ்சீனத் தொகையான ‘ஷிஜிங்’கிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றை நேரடியாகத் தமிழில் தந்திருக்கிறார். கேட்கவேண்டிய கேள்வி, அவருக்குப் பின்னால் ஏன் ஒரு வரிசை உருவாகவில்லை என்பதுதான். தமிழ்த்துறைகளில் ஒப்பிலக்கியம் என்ற பெயரில் ஆண்டுதோறும் கட்டுரைகள் குவிகின்றன. ஒப்பிடப்படும் அயல்மொழி நூலை மூலத்தில் படித்தவர் எழுதிய கட்டுரை அவற்றுள் எத்தனை?

இனி, கற்க முடியுமா என்ற ஐயம். எளிதென்று சொல்லி யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் தன் மாணவர்களுக்கு மாண்டரினுக்கென ஒதுக்குவது 2,200 வகுப்பு மணிகள். நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் என்றால் ஆறாண்டுகள். சீன அரசு 2013இல் வெளியிட்ட எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள். அன்றாடத் தேவைக்குரிய முதல்நிலையில் மட்டும் 3,500. நாளைக்குப் பத்து எழுத்து என்று கொண்டாலும் ஓராண்டு ஆகும். மறந்தவற்றை மீட்கும் காலம் தனி. நான்கு தொனிகள் வேறு. ‘மாய்’ என்பதை மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குதல், நான்காம் தொனியில் சொன்னால் விற்றல். தொடர் பார்த்தாலே மொழி தானாக வந்துவிடும் என்பவர்களை நாம் நம்புவதில்லை. ஆங்கில சப்டைட்டிலோடு 76 பகுதிகளைப் பார்த்து முடித்தவருக்கு ஆங்கிலம்தான் வளர்ந்திருக்கும். பிற்பாடு, அரண்மனைத் தொடரில் பொறுக்கிய சொற்களைக் கொண்டு ஒரு குவளைத் தேநீர்கூடக் கேட்டு வாங்க முடியாது.

ஆனால் கடினம் என்பதும் முடியாது என்பதும் ஒன்றல்ல. எழுத்துகள் படக்குவியல்கள் என்ற அச்சத்தை முதலில் விட வேண்டும். பெரும்பாலான எழுத்துகள் பொருளைச் சுட்டும் ஓர் உறுப்பும் ஒலியைச் சுட்டும் ஓர் உறுப்பும் சேர்ந்தவை. ‘ச்சிங்’ என்று ஒலிக்கும் ஓர் உறுப்போடு நீர்க்குறி சேர்ந்தால் தெளிவு. கதிரவன் குறி சேர்ந்தால் தெளிந்த வானம். மனக்குறி சேர்ந்தால் உணர்ச்சி. சொற்குறி சேர்ந்தால் வேண்டுதல். தொனி மட்டும் வேறுபடும். ஒலிப்புக்கு 1958இல் சீனத்தில் ஏற்கப்பட்ட பின்யின் முறை இருக்கிறது. அதை அப்படியே கற்க வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பது மூச்சொலி வேறுபாடுகளை அழித்துவிடும். சீனத் தொடர்களில் சீன எழுத்திலேயே சப்டைட்டில் ஓடுவது பொதுவழக்கம். நாளைக்குப் பத்து நிமிடம், அந்த எழுத்தை மட்டும் துணையாகக் கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது பயன் தரும். நாவலில் முதற்படியாக யு ஹுவாவின் ‘ஹுவோஜெ’ போன்ற எளிய நடை நூல்களை எடுக்கலாம். ‘ஹொங் லோ மெங்’ பிற்பாடு.

தமிழர்க்கு இங்கே ஒரு சாதகமும் உண்டு. ஆங்கிலப் பாடநூல்கள் அதைச் சொல்வதில்லை. ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதைச் சீனத்தில் ‘வோ ட்சுவோதியன் மாய் த ஷு’ என்பார்கள். வோ நான், ட்சுவோதியன் நேற்று, மாய் வாங்கு, த பெயரெச்சத்தின் வேலையைச் செய்யும் உருபு, ஷு புத்தகம். வரிசை அச்சுப்பிசகாமல் நம்முடையது. ஆங்கிலத்தில் புத்தகம் முன்னால் போய் வாக்கியம் தலைகீழாகும். வடசீனப் பேச்சில் கேட்பவரையும் உளப்படுத்த ‘ட்சான்மென்’ என்றொரு சொல் உண்டு. ‘வோமென்’ என்பதோடு ஒப்பிட்டால் நம் ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒன்றே. சீனத்துக்கும் தமிழுக்கும் பிறப்புறவு எதுவும் இல்லை. அப்படிக் கதை கட்டுவதும் நம் நோக்கமில்லை. அருகருகே இருக்கும் இரண்டு வீடுகளுக்கு ஊரைச் சுற்றிப் போக வேண்டாம் என்பதே சொல்ல வந்தது.

காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசாத தமிழ் மேடை இல்லை. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லைச் சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹெ நாட்டச் செய்தார். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். ஒரே செய்தியின் மூன்று மொழிபெயர்ப்புகள் என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது; தமிழ்ப் பகுதி தென்னவரை நாயனாரை; பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனை. தமிழ் வரிகளை மட்டும் படித்தவனுக்குக் கிடைத்தது கல்லில் மூன்றில் ஒரு பங்கு. நாமோ நம் பங்கை மட்டும் படித்துவிட்டு, எஞ்சியதை ஆங்கிலத்தில் கேட்டறிந்து, முழுக்கல்லும் நமதென்கிறோம்.

ஆகவே, யாராவது நாவலுக்காகவும் தொடருக்காகவும் மாண்டரின் கற்கிறேன் என்று வந்தால் அவரை வேடிக்கை பார்க்காதீர்கள். ஆறாண்டு கழித்து அவர் இருபதாம் அத்தியாயத்தைத் திறந்து, அத்தை மகளென்றும் சித்தி மகளென்றும் பிரித்துத் தமிழில் எழுதித் தரக்கூடும். அதுவரை அவருக்குத் தேவைப்படுவன ஒரு நல்ல அகராதியும் தினம் ஒரு மணிநேரமும் அறிவுரையின்மையும்தாம்.